மூடுபனி மீதும் லினக்ஸ் மீதும் போடும் பழி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மலைக் கிராமங்களில் இணையம் கிடைக்காமல் மாணவர்கள் படும் பாட்டைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதம் பகுதியில் அண்மையில் ஒருவர் எழுதியிருந்தார். விண்ணப்பத்தை அனுப்பப்போகும் நேரத்தில் தொடர்பு அறுந்துபோவது, கோத்தகிரிக்கோ குன்னூருக்கோ பேருந்து பிடித்துப் போய்க் கணினி மையத்தில் காத்துக் கிடப்பது என்று அவர் அடுக்கியவை அத்தனையும் நான் கண்ணால் பார்ப்பவைதாம். ஆனால் காரணமாக அவர் சொன்ன இரண்டை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மூடுபனி இறங்கினால் சிக்னல் போய்விடும் என்கிறார். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்னும் இயங்குதளம் போட்ட கணினியில், சிம் வழியாக இணையம் தரும் டாங்கிள் என்னும் சிறு கருவி ஒழுங்காக நிற்காது என்கிறார். எங்கள் ஊரிலும் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். ஏறக்குறைய ஓராண்டுக் காலம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதாலும், அது தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் கொஞ்சம் பொறுமையும் மட்டுமே என்பதாலும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். அரவேணுவுக்குக் கீழே, சரிவில் சமவெளியைப் பார்த்தபடி இருக்கும் ஓர் ஊரில் படிப்பகம் ஒன்றைக் கவனித்துக்கொள்கிறேன். தகரக் கூரை போட்ட ஒரே அறை. அதில் இரண்டு மடிக்கணினிகள். இரண்டுமே அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பெற்று, படிப்பு முடிந்தபின் படிப்பகத்துக்குக் கொடுத்தவை. நினைவகம் 2 ஜிபிதான் என்பதால் விண்டோஸ் அவற்றில் மூச்சு வாங்கியது. என் பழைய மாணவர் ஒருவர் லினக்ஸ் நிறுவிக் கொடுத்தார், அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. கம்பி வழி இணையம் எங்கள் ஊர் வரைக்கும் வரவில்லை. யுஎஸ்பி துளையில் செருகும் டாங்கிள், அதற்குள் ஒரு சிம், மாதாமாதம் ரீசார்ஜ், இவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு.

முதலில் மூடுபனி. செல்பேசி அலைகள் நம் நாட்டில் 700 முதல் 2300 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளில் பெரும்பாலும் வருகின்றன. அவற்றின் அலைநீளம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டரிலிருந்து 13 சென்டிமீட்டர் வரை. மூடுபனியின் துளியோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அவ்வளவு நீண்ட அலைக்கு அவ்வளவு சிறிய துளி ஒரு பொருட்டே இல்லை. கனமழை வேறு விஷயம். ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்குத் தகவலைக் கடத்தும் மைக்ரோவேவ் இணைப்புகள் பெரும்பாலும் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசையில் இயங்குகின்றன. அவற்றின் அலைநீளம் 3 சென்டிமீட்டருக்கும் குறைவு என்பதால், பெருந்துளியாகக் கொட்டும் மழை அவற்றை நன்றாகவே தடுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்படிப்பட்ட மழையில் எந்த இணைப்பும் தடுமாறத்தான் செய்யும். ஆனால் மார்கழிப் பனியைக் காட்டி யாராவது சிக்னல் போய்விட்டது என்றால், பனியோடு சேர்ந்து வேறு எது வந்தது என்று பார்க்க வேண்டும். ஈரம் சொட்டும் சில்வர் ஓக் மரங்கள் நடுவே நிற்கின்றனவா, மின்சாரம் போயிருக்கிறதா என்பவைதாம் கேட்க வேண்டிய கேள்விகள். மின்சாரத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். என் குறை அதில்தான் இருக்கிறது.

இனி லினக்ஸ். சென்ற ஐப்பசியில், அரசுப் பணித் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பிக்க எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி வந்தாள். கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. படிவம் திறக்கும், ஒரு பக்கத்தை நிறுத்தி நிதானமாகப் படித்து, சாதிச் சான்றிதழ் எண்ணைக் காகிதத்தைப் பார்த்துத் தட்டி, அடுத்த பக்கத்துக்கு அழுத்துவாள், உடனே சுற்றத் தொடங்கிவிடும். டாங்கிளில் நிலையாக எரிந்த நீல விளக்கு அணைந்து, பச்சை விட்டு விட்டு மினுக்கும். ஒரு நிமிடம் போல ஆன பிறகு மீண்டும் நீலம் வரும்போது, படிவம் பழையபடி முதல் பக்கத்துக்குப் போயிருக்கும். ஐந்து முறை இப்படியே நடந்தது. "சார், விண்டோஸ் கம்ப்யூட்டரா இருந்தா முடிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள்: "பாட்டு ஏதாவது ஓடிட்டு இருந்தா கட் ஆகறதில்ல சார், நான் படிக்கறப்பதான் போகுது." ஒரு மணி நேரம் நான் உட்கார்ந்து யோசித்தும் கண்டுபிடிக்காததை அவள் போகிற போக்கில் சொல்லிவிட்டாள்.

லினக்ஸ் கணினி தனக்கு நடப்பதை எல்லாம் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் உடையது. கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்து, இயங்குதளத்தின் மையமான கெர்னலின் பதிவேட்டை ஓடவிட்டு, அவளை மறுபடி படிவத்தை நிரப்பச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் அமர்ந்தேன். அவள் தட்டுவதை நிறுத்திய சிறிது நேரத்தில், யுஎஸ்பி கருவி துண்டிக்கப்பட்டது என்று ஒரு வரி விழுந்தது. டாங்கிளை யாரும் தொடவில்லை. ஆனால் கணினியின் கணக்கில் அதை யாரோ பிடுங்கிவிட்டார்கள். மூன்று வினாடி கழித்துப் புதிய கருவி ஒன்று வந்திருக்கிறது என்று அடுத்த வரி. பிறகு, செல்பேசி வலையமைப்போடு பேசும் மோடங்களைக் கவனிக்கும் மோடம் மேனேஜர் என்னும் சேவை அதன் துளைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, இது மோடம்தான் என்று முடிவுகட்டி, வலையமைப்பில் பதிந்து, முகவரி வாங்குவதற்குள் அந்த ஒரு நிமிடம் கழிந்துவிடுகிறது.

குற்றவாளி நானேதான். மடிக்கணினியின் பேட்டரி பழசாகிவிட்டதே என்று டிஎல்பி என்னும் மின்சிக்கன மென்பொருளைச் சில மாதங்களுக்கு முன் நான் நிறுவியிருந்தேன். சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவிகளை அது உறங்க வைத்துவிடும். நல்ல கருவி கூப்பிட்டதும் எழுந்துகொள்ளும். எங்கள் டாங்கிள் எழும்போதே தலைசுற்றி விழுந்து, முழுதாக அணைந்து, மீண்டும் பிறந்து வந்தது. அந்த மென்பொருளின் அமைப்புக் கோப்பில், மொபைல் மோடங்களை இந்த உறக்கத்திலிருந்து விலக்கு என்று சொல்வதற்கென்றே ஒரு வரி உண்டு. அதில் பூஜ்யமாக இருந்ததை ஒன்றாக்கி, டாங்கிளைக் கழற்றிச் செருகினேன். விண்ணப்பம் அன்று மாலையே போய்ச் சேர்ந்தது. டிஎல்பி இல்லாத கணினியாக இருந்தால், அந்தக் கருவிக்குரிய பவர் கன்ட்ரோல் கோப்பில் 'ஆட்டோ' என்றிருப்பதை 'ஆன்' என்று மாற்றினாலும் இதே பலன்தான். ஆனால் கணினியை அணைத்துப் போட்டால் அது பழையபடி ஆகிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். இரண்டாவது மடிக்கணினியில் அதே டாங்கிளைப் போட்டபோது, பதிவேட்டில் அதே துண்டிப்பு வரி மீண்டும் விழுந்தது. இந்த முறை நேர்மாறு: சும்மா இருக்கும்போது நன்றாக நின்றது, புகைப்படத்தையும் கையொப்பத்தையும் பதிவேற்றும்போது அறுந்தது. குன்னூரில் உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தால் ஒரு முறைகூட அறுந்துபோகவில்லை. இப்படி ஊருக்கு ஊர் நடத்தை மாறினால் யாராக இருந்தாலும் டவரைத்தான் திட்டுவார்கள். உண்மையில் கோளாறு யுஎஸ்பி துளையில் இருந்தது. டவர் தொலைவில் இருந்தால் டாங்கிள் உரக்கக் கத்தியாக வேண்டும். 4ஜியில் அது அதிகபட்சமாக ஏறத்தாழ 200 மில்லிவாட் திறனில் அலையை அனுப்பும். 2ஜிக்கு இறங்கிவிட்டாலோ கணநேரத் துடிப்புகளாக 2 வாட் வரைக்கும் போகும். அந்தத் துடிப்புக்கு வேண்டிய மின்னோட்டத்தை யுஎஸ்பி துளை கொடுக்க வேண்டும். யுஎஸ்பி 2.0 துளையின் வரம்பு 500 மில்லிஆம்பியர். எங்கள் இரண்டாவது கணினியில் பட்டன்கள் சில தேய்ந்துவிட்டதால், வெளி விசைப்பலகையும் மவுஸும் டாங்கிளும் ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் ஒரே மலிவான ஹப்பில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு துளையின் மின்சாரத்தை மூன்று பேர் பங்கிட்டால் கத்த வேண்டிய நேரத்தில் டாங்கிளுக்கு மூச்சு நின்றுவிடுகிறது. ஹப்பை விலக்கி நேரடியாகச் செருகியதும் பாதித் தொல்லை போயிற்று; தனி மின்இணைப்பு உள்ள ஹப் வாங்கிய பிறகு மீதியும் போயிற்று.

இதிலிருந்து எனக்குக் கிடைத்த கணக்கு எளியது. தொடர்பு அறுந்ததும் பதிவேட்டைப் பார்க்க வேண்டும். துண்டிப்பு வரி இருந்து, சும்மா இருக்கும்போது அறுந்திருந்தால் அது உறக்கம். வேலை செய்யும்போது அறுந்திருந்தால் அது பசி, அதாவது மின்சாரப் பற்றாக்குறை. துண்டிப்பு வரியே இல்லாமல் அறுந்திருந்தால்தான் டவர் பக்கம் திரும்பிப் பார்க்க நமக்கு உரிமை உண்டு. விண்டோஸிலும் உறக்கமும் பசியும் உண்டு. சிறு பெட்டியில் ஏதோ ஒரு எண்ணைக் காட்டிவிட்டு அது பேசாமல் இருந்துவிடும். லினக்ஸ் நடந்ததைச் சொல்கிறது. சொல்பவன் மீதே பழி விழுவது ஊர் வழக்கம்தானே.

டவர் பக்கம் திரும்பும்போதும் சிக்னல் கோடுகளை நம்பிப் பயனில்லை. மோடம் மேனேஜரோடு வரும் எம்எம்சிஎல்ஐ என்னும் கட்டளையிடம் கேட்டால், பெரும்பாலான 4ஜி டாங்கிள்கள் டவரின் சிக்னல் எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்று காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்னும் அளவைச் சொல்லிவிடும். அது எதிர்மறை எண்ணாக, டெசிபெல் கணக்கில் வரும். மைனஸ் 85 என்றால் நல்ல நிலை, மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம், மைனஸ் 110ஐத் தாண்டினால் தொல்லை, மைனஸ் 120 என்றால் ஏறக்குறைய இல்லை. படிப்பகத்தின் நடுவில், தகரக் கூரைக்கு அடியில் மேசை போட்டிருந்த இடத்தில் எங்களுக்குக் கிடைத்தது மைனஸ் 113. ஜன்னல் விளிம்பில் வைத்தபோது மைனஸ் 98. பதினைந்து எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் இது மடக்கைக் கணக்கு, 15 டெசிபெல் என்பது ஏறத்தாழ 32 மடங்கு. அறைக்குள்ளேயே நான்கு எட்டு நடந்தால் 32 மடங்கு சிக்னல் கூடுகிறது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னபோது, மடக்கை எதற்குப் படிக்கிறோம் என்று பல ஆண்டுகளாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு முதல் முறையாக ஒரு நேரான பதில் கிடைத்தது.

டாங்கிளை ஜன்னலுக்குக் கொண்டுபோக யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வேண்டும். நான் முதலில் வாங்கியது 5 மீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பி. சிக்னல் ஏறியது, ஆனால் கம்பியிலேயே மின்னழுத்தம் இறங்கிப் பழைய பசி திரும்பி வந்தது. ஒன்றரை மீட்டருக்குத் தடித்த கம்பியாக வாங்கி, மேசையையே ஜன்னல் பக்கம் நகர்த்திய பிறகுதான் சரியாயிற்று. மூன்று மாதம் மேசையை நகர்த்தத் தோன்றாமல் கம்பிக்குச் செலவழித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எந்த ஜன்னல் என்பதும் முக்கியம். இது மலைச் சரிவில் வாழ்பவர்களுக்கே உரிய சிக்கல் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். எங்கள் கிழக்கு ஜன்னலிலிருந்து பார்த்தால் இரவில் மேட்டுப்பாளையம் பக்கத்து விளக்குகள் பரவிக் கிடப்பது தெரியும். நம் கண்ணுக்குத் தெரிகிற அத்தனை டவர்களும் டாங்கிளுக்கும் தெரியும். சமவெளிக்காரர்களுக்கு வீடுகளும் மரங்களும் மறைத்துவிடுவதால் பக்கத்து டவர் ஒன்றுதான் ஓங்கிக் கேட்கும்; நமக்கோ கீழே இருக்கும் பல டவர்கள் ஒரே அளவில் கேட்கின்றன. சந்தையில் பத்துப் பேர் ஒரே குரலில் விலை சொன்னால் ஒருவர் சொல்வதும் காதில் விழாது. கோடுகள் நிறைய இருக்கும், ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருக்கும், ஆனால் பக்கம் திறக்காது. அப்போது பார்க்க வேண்டியது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை. அதையும் அதே கட்டளை காட்டும். கிழக்கு ஜன்னலில் எங்களுக்கு அது டெசிபெல் கணக்கில் பூஜ்யத்தை ஒட்டியே, அதாவது இரண்டும் ஏறக்குறையச் சமமாக, ஊசலாடியது. டாங்கிள் சில நிமிடங்களுக்கு ஒரு டவராக மாறிக்கொண்டிருந்தது. வடக்குப் பக்க ஜன்னலில் சிக்னல் சற்றுக் குறைவு, ஆனால் கட்டடத்தின் சுவரே சமவெளியை மறைத்துவிடுவதால் மேட்டில் இருக்கும் ஒரே டவர் மட்டும் தெளிவாகக் கேட்டது. அன்றிலிருந்து டாங்கிள் அங்கேதான் இருக்கிறது. பார்வைக்கு அழகான ஜன்னல் இணையத்துக்கு ஆகாத ஜன்னலாகப் போயிற்று.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். பழைய டாங்கிள்கள் சில, செருகியதும் தங்களை ஒரு சிடியாகக் காட்டிக்கொள்ளும். அவற்றை மோடமாக மாற்றும் யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்னும் நிரல் கணினியில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 3ஜி வரைக்கும் மட்டுமே அறிந்த டாங்கிளை யாரும் இனி வைத்துக்கொண்டு போராட வேண்டியதில்லை. பெரிய தனியார் நிறுவனங்கள் 3ஜியைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டதால் அது 2ஜிக்கு இறங்கி, இணைந்திருக்கிறது என்று காட்டிக்கொண்டே எதையும் கொண்டுவராமல் இருக்கும். நிறுவனத்தின் இணைய நுழைவாயிலைக் குறிக்கும் ஏபிஎன் பெயரை, அந்த நிறுவனம் கொடுத்தபடி எழுத்துப் பிசகாமல் போட வேண்டும். சிம்மை மாற்றிவிட்டுப் பழைய ஏபிஎன்னையே வைத்திருப்பவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எண் முகவரிக்குப் பிங் என்னும் சோதனைப் பொட்டலம் போய், பெயருக்குப் போகவில்லை என்றால் கோளாறு, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். வேறு டிஎன்எஸ் முகவரியைப் போட்டுப் பார்க்கலாம். சிறிய பக்கங்கள் திறந்து, பெரியவை பாதியில் உறைந்தால் ஒரே பொட்டலத்தில் போகக்கூடிய உச்ச அளவான எம்டியுவைச் சந்தேகிக்க வேண்டும். வழக்கமான அளவு 1500 பைட். தலைப்புக்குரிய 28 போக 1472 பைட் பொட்டலத்தைத் துண்டாக்காதே என்று சொல்லிப் பிங் அனுப்பி, போகவில்லையென்றால் அளவைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். போன அளவுக்கும் போகாத அளவுக்கும் நடுவைப் பிடித்துப் பாதி பாதியாகக் குறுக்கினால் எட்டொன்பது முறையில் விடை கிடைத்துவிடும். மாலையானால் நெட் தவழ்கிறது என்பவர்கள் முதலில் அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா என்று பார்க்கட்டும். தீர்ந்த பிறகு பல திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடுகிறது. புதுப்பிப்புகளைக் கணினி தானாக இறக்கிக்கொண்டே அந்த ஒதுக்கீட்டைத் தின்றுவிடலாம் என்பதால், இந்த இணைப்பு அளந்து கொடுக்கப்படுவது என்று இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரில் குறித்து வைப்பது நல்லது.

டவர் செத்துப் பிழைத்த பிறகும் கணினி தானாக இணையாமல் நிற்பது இன்னொரு தொல்லை. நெட்வொர்க் மேனேஜர் இயல்பாக நான்கு முறை முயன்றுவிட்டுச் சிறிது நேரம் ஒதுங்கிக்கொள்ளும். முயற்சி எண்ணிக்கையைப் பூஜ்யம் என்று போட்டால் எல்லையின்றி முயலும். பூஜ்யம் என்றால் முடிவில்லை என்று பொருள்கொள்ளும் இடத்தை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

இவ்வளவையும் சரிசெய்த பிறகு மூன்று வாரம் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். தேதி, அறுந்த நேரம், மீண்ட நேரம், ஆர்எஸ்ஆர்பி, பதிவேட்டில் துண்டிப்பு வரி உண்டா இல்லையா, பக்கத்தில் யாருடைய செல்பேசியாவது இருந்தால் அதில் சிக்னல் உண்டா, மின்சாரம் உண்டா. அதன்பின் அறுந்தவற்றில் ஒன்றில்கூடத் துண்டிப்பு வரி இல்லை. எல்லாவற்றிலும் அதே நிறுவனத்தின் செல்பேசிகளும் சேர்ந்து ஊமையாயின. நோட்டில் மின்சாரத்தைக் குறித்த கடைசிப் பத்தியைப் பார்த்தால் விடை தானாகத் தெரிந்தது: மின்சாரம் போய் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்துக்குள் சிக்னல் போகிறது, மின்சாரம் வந்த சில நிமிடங்களில் சிக்னல் வருகிறது. டவரின் பேட்டரி அவ்வளவு நேரம்தான் தாங்குகிறது, ஜெனரேட்டர் ஓடுவதில்லை. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிது. ஐப்பசி கார்த்திகையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால், மின்சாரம் வர அரைநாள் ஆவது இங்கே புதிதில்லை. மழையும் பனியுமான அதே நாள்களில்தான் மின்தடையும் வருவதால், பழி பனியின் மேல் போய் விழுந்துவிடுகிறது.

இந்தக் குறிப்புகளோடு எங்களுக்குச் சேவை தரும் நிறுவனத்தின் 198 எண்ணில் புகார் பதிந்தேன். பேசியவர் மரியாதையாகவே பேசினார். என்ன கணினி என்று கேட்டார், லினக்ஸ் என்றேன். இரண்டு நாளில் குறுஞ்செய்தி வந்தது: தங்கள் இயங்குதளத்துக்கு எங்கள் ஆதரவு இல்லை, புகார் முடித்துவைக்கப்படுகிறது. டவரின் பேட்டரிக்கும் என் மேசைமேல் இருக்கும் கணினியின் இயங்குதளத்துக்கும் என்ன உறவு என்று மீண்டும் அழைத்துக் கேட்டேன். விண்டோஸ் கணினியில் சோதித்துவிட்டு அழையுங்கள் என்றார்கள். செல்பேசியிலும் சிக்னல் இல்லை என்று சொன்னதை அவர்கள் குறித்துக்கொண்டார்களா என்பது எனக்குத் தெரியாது.

என் வருத்தம் இதுதான். விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011இல் தொடங்கியபோது, முதல் கட்டங்களில் கொடுத்த கணினிகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸையும் சேர்த்தே அரசு கொடுத்தது. மாணவர் கையில் அரசே லினக்ஸை வைத்துவிட்டு, அந்த லினக்ஸின் பெயரைச் சொல்லி அந்த மாணவரின் புகாரை ஒரு நிறுவனம் மூடுவதை அனுமதிப்பது முறையாகாது. கணினியின் பக்கத்துக் கோளாறுக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்; உறக்கத்துக்கும் பசிக்கும் ஜன்னலுக்கும் அவர்களிடம் நான் போகவில்லை. ஆனால் பதிவான சிக்னல் அளவுகளோடும் நேரக் குறிப்புகளோடும் வரும் புகாரை, இயங்குதளம் எது என்ற ஒரே கேள்வியால் தள்ளிவிடக் கூடாது.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டு, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சேவைத்தர விதிமுறைகளின்படி, எந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்னும் வரைபடத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். எங்கள் ஊரும் அந்த வரைபடத்தில் 4ஜி கிடைக்கும் ஊராகவே இருக்கிறது. மின்சாரம் இருக்கும்போது கிடைக்கத்தான் செய்கிறது. மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் வாடிக்கையாளருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றும் அந்த விதிமுறை சொல்கிறது. ஒரு சரிவில் இருக்கும் நான்கு ஊர்களுக்கு மட்டும் மாதத்தில் பல முறை அரைநாள் அரைநாளாகச் சேவை போனால் அது எந்தக் கணக்கிலும் வராது. மலை மாவட்டங்களுக்கு அளவுகோல் மாவட்டமாக இல்லாமல் டவராக இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. எந்த டவரில் எத்தனை மணி நேரத்துக்குரிய பேட்டரி இருக்கிறது என்பதையும் அந்த வரைபடத்திலேயே காட்டச் செய்தால், விண்ணப்பம் அனுப்ப வேண்டியவர்கள் மின்சாரம் போனதும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

புகாரை முடித்துவைத்த முடிவை எதிர்த்து, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். முறையீட்டை 39 நாள்களுக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. மூன்று வாரக் குறிப்பின் நகலையும், ஒவ்வொரு முறை தொடர்பு அறுந்தபோதும் கணினி எழுதிவைத்த பதிவின் அச்சுப்படியையும் அதோடு இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படிக்கும் மலைப்பகுதி வாசகர்கள், லினக்ஸோ விண்டோஸோ எதை வைத்திருந்தாலும், மின்சாரம் போன நேரத்தையும் சிக்னல் போன நேரத்தையும் மட்டுமாவது இரண்டு வாரம் குறித்து வைத்துவிட்டுப் பிறகு புகார் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அவற்றை ஊர்வாரியாக வெளியிட இடம் கிடைக்குமானால், எங்கள் ஊர்க் குறிப்பை முதலாவதாக அனுப்பிவைக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.